தொழிற்குறிப்பும் நன்னூற் குற்றங்களும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்தது பவணந்தி முனிவரின் நன்னூல். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் முதலியவற்றை மாணவர் தேர்வின்பொருட்டு மனப்பாடம் செய்கின்றனர். ஆயின், அவ்வளவுகோல் இன்று மிகுதியும் வேண்டப்படும் இடம் வகுப்பறையன்று; சிங்கப்பூரின் மேற்கெல்லையிலுள்ள துவாஸ் தொழிற்பேட்டையே ஆகும்.

அங்குள்ள ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் தமிழகத்துத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் ஆலையொன்றில், கலவை இயந்திரத்தைச் சூழ்ந்த எண்ணெய் உறை அளவுமீறிச் சூடேறி வெடித்தது, உருளைக்கிழங்கு மாவுத்தூளும் தீப்பற்றியது, மூவர் மாண்டனர். அதற்கு மொழியே காரணம் என்பது ஈண்டுக் கருத்தன்று. இத்தகைய இடர் சூழ்ந்த களத்தில் எழுதிவைக்கும் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் உயிர்க்காவல் என்பதே கருத்து.

"மூடியைத் திறந்து தூய்மை செய்க; அதற்குமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க" என்றொரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். இலக்கணப் பிழை இதில் இல்லை. எனினும், படித்தவாறே செய்யும் கை, இரண்டாம் தொடரைக் கண் எட்டுமுன் மூடியைத் திறந்துவிடும். நன்னூல் அழகென்று போற்றிய 'முறையின் வைப்பு' இங்கே பிறழ்ந்தது. "மூடி திறக்கப்படுதல் தவிர்க்கப்படல் வேண்டும்" என்பதோ மயங்க வைத்தல். எவர், எப்பொழுது என்பன அதில் இல்லை. "மின்னிணைப்பைத் துண்டிக்க; சுழற்சி முற்றும் நின்றபின் மூடியைத் திறக்க" என்பதே செவ்விய தமிழ்.

நன்னூலை அப்படியே பொருத்தலும் ஆகாது. கூறியது கூறல் நூலுக்குக் குற்றம், எச்சரிக்கைக்குக் குணம். ஒரு பொருளுக்குப் பல சொல் வழங்கல் கட்டுரைக்கு அணி. ஆனால் முதல் வரியில் 'வால்வு' எனவும் அடுத்த வரியில் 'தடுக்கிதழ்' எனவும் எழுதினால், தொழிலாளி இரு பொருள்களைத் தேடுவான்.

இதற்கு முன்னோடி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உண்டு. அங்கு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழ்வழியே பயிற்றினார். 1867இல் 'இரணவைத்தியம்' வெளிவந்தது. நூல்களோடு அமையாமல் கலைச்சொற்களையும் தொகுத்தார். சொல்லை நிலைப்படுத்தாமல் தொழிலைக் கற்பித்தல் இயலாது என்பதற்கு அப்பணியே சான்று.

மழைக்காலத்தை வருணிக்கப் பயிலும் மாணவன், ஒரு விளக்கை மாற்றும் முறையையும் எழுதிப் பழகட்டும். அதனைப் படித்து மற்றொரு மாணவன் பிழையின்றிச் செய்துமுடித்தால், அதுவே அக்கட்டுரைக்கு முழு மதிப்பெண்.