தீராச் சுமை: ‘அம்புலிமாமா’ சங்கரின் விக்கிரமன் – வேதாளம் ஓவியம்

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாறுகள் எழுத்தாளர்களைப் பேசிய அளவுக்கு ஓவியர்களைப் பேசியதில்லை. எனினும், ‘அம்புலிமாமா’ வாசகர் பலருக்குக் கதைகள் மறந்த பின்னும் ஒரு படம் நினைவில் நிற்கிறது: உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமன். அதனை வரைந்தவர் ‘சங்கர்’ என அறியப்பட்ட கே.சி. சிவசங்கரன் (1924–2020). கொங்கு நாட்டில் தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் சந்தமாமா நிறுவனத்தில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்தார். மறைவுக்குப் பின் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இக்கட்டுரை அவ்வோவியத்தைக் கதைக்கான அணியாகக் கொள்ளாமல், கதையைப் பற்றிய ஒரு வாசிப்பாகக் கொண்டு மதிப்பிடுகிறது.

படமும் கதைச்சட்டகமும்

வடமொழி மரபில் வேதாளக் கதைகள் 25. விடை தெரிந்தும் மன்னன் வாய் திறவாவிடில் தலை சிதறும். திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பும். இறுதிக் கதையில் விடையறியாது அவன் மௌனிக்க, பயணம் நிறைவுறும். இதழோ அவ்வெண்ணிக்கையைக் கடந்து பல பத்தாண்டுகள் புதுக்கதைகளைச் சேர்த்தது. எனவே அங்கு முடிவு தள்ளிக்கொண்டே போனது. சங்கரின் படம் இந்நிலைக்கு மிகப் பொருந்துகிறது. புறப்பட்ட இடத்தையோ சேருமிடத்தையோ மையமாக்காமல், இடைப்பட்ட நடையையே அது தேர்ந்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் ‘இரும்புக்கை மாயாவி’ கட்டம் கட்டமாக நிகழ்வை நகர்த்தியது. சங்கரின் ஒற்றைப் படம் நிகழ்வை நிறுத்தி வைத்தது.

வாளும் கருதத்தக்கது. மூலக்கதையில் அது வஞ்சக யோகியைக் கொல்லும் இறுதிக் கட்டத்தில் தேவைப்படுகிறது. வழியெல்லாம் எதிராளி தோளிலேயே இருந்து வினாத் தொடுக்கிறது. வினாவை வாளால் வெட்ட இயலாது. வீரத்தின் போதாமையை இப்படம் சொல்லாமல் சொல்கிறது.

நிலமற்ற ஓவியம்

1947இல் தோன்றிய சந்தமாமா, பல மொழிகளில் பொதுவான படங்களோடு வெளிவந்தது. எழுத்து மட்டுமே மாறியது. ஆகவே எந்த வட்டாரத்தின் வீட்டையும் உடையையும் ஓவியர் தனித்துக் காட்ட இயலவில்லை. அரசரும் அமைச்சரும் அழகியரும் நிலைத்த வார்ப்புகளாயினர். பழங்காலம் எங்கும் ஒரே தோற்றமுடையது என்னும் எண்ணத்தைத் தலைமுறைகளின் மனத்தில் பதித்ததில் இப்படங்களுக்கும் பங்குண்டு. சங்கரைக் ‘கொங்கு ஓவியர்’ எனக் கொண்டாடுவோர் இதனை எதிர்கொள்ள வேண்டும்: அவரது பிறப்பிடம் கொங்கு; அவர் வரைந்த உலகில் கொங்கு இல்லை.

முடிவுரை

இக்குறை ஓவியரின் கைத்திறனைச் சார்ந்தது அன்று. பன்மொழி இதழின் உற்பத்தி முறையைச் சார்ந்தது. அம்முறைக்குள்ளும், சுமந்து நடக்கும் ஓர் உடலின் நிலையைக் கொண்டே கதையின் சாரத்தை உணர்த்தியது சங்கரின் சாதனை. படத்தை விலக்கிக் கதையை மட்டும் ஆராயும் சிறார் இலக்கிய ஆய்வு, குழந்தைகள் உண்மையில் வாசித்த பனுவலின் ஒரு பாதியையே ஆராய்கிறது.