கம்பியை விட்ட பிறகு

பாலே வகுப்பில் சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கம்பி ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஏறுவதே கடினம்தான். ஆனால் அதை விட்டுவிட்டு அறை நடுவே வந்து சுழல்வதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை தீராது.

நுனிக்காலில் ஆட அணியும் மரபான பாயின்ட் ஷூவின் முனையில் துணியும் காகிதமும் பசையும்தான் அடுக்கடுக்காக இறுகியிருக்கும். தரையைத் தொடும் இடம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. முழு உடம்பும் அதன்மேல் ஏற வேண்டும். சுழற்சி பிறப்பது மடங்கிய முழங்காலில். பாதம் தரையை அழுத்தித் தள்ள, உடம்பு மேலே எழுந்து திரும்புகிறது. புதிதாகக் கற்பவர்கள் அவசரப்பட்டுத் தோளை வீசுவார்கள், அச்சு சாய்ந்துவிடும். கம்பியோரம் தெரியாமல் போன சாய்வெல்லாம் நடு அறையில் அம்பலமாகும்.

தலையைக் கவனியுங்கள். உடம்பு திரும்பிக்கொண்டே போகும். கண் எதிரே உள்ள ஒரு புள்ளியை விடாது. இனி கழுத்து தாங்காது என்கிற கணத்தில் தலை சட்டென்று சுற்றி, உடம்புக்கு முன்பே அதே புள்ளிக்கு வந்து சேரும். தலைசுற்றலைத் தணிப்பது இந்தப் பழக்கம்தான்.

1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில், 'ஸ்வான் லேக்' பாலேயில், இத்தாலிய நடனமணி பியரினா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் 32 ஃபுவெத்தே சுழல்கள் ஆடினார். ஒவ்வொரு சுற்றுக்கும் குதிகால் இறங்கி, முழங்கால் மடங்கி, மறுபடி நுனிக்கு ஏற வேண்டும். நின்ற இடமும் நகரக் கூடாது. இன்றும் அந்தப் பாலேயில் இந்தச் சுழல்களை ஆடும் கறுப்பு அன்னம் வந்தால் ரசிகர்கள் சுற்றுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். நான் எண்ணுவதில்லை. அந்தக் குதிகால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன்.