கோப்பில் அகப்பட்ட தலைவிகள்

தொழிற்சங்கத் தலைவி ஒருத்தியின் வாழ்க்கையை எழுத முனைகிறவர் முதலில் ஏற வேண்டியது போலீஸ் ஆவணக் காப்பகத்தின் படியைத்தான். அவள் எங்கே பேசினாள், எவ்வளவு கூட்டம் வந்தது, யாரோடு ரயிலேறினாள் என்பதையெல்லாம் சொந்த வீட்டாரை விடச் சிரத்தையாக எழுதி வைத்தவர்கள் உளவுத் துறையினர். சிகாகோவின் அராஜகவாதி லூசி பார்சன்ஸ் 1942இல் வீடு தீப்பற்றி இறந்தபோது, மிஞ்சிய நூல்களையும் தாள்களையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. 1887இல் தூக்கிலிடப்பட்ட ஆல்பர்ட் பார்சன்ஸின் பெயரை மே தினக் கூட்டங்களில் கேட்டிருப்போம். அவர் மனைவி லூசி அதற்குப் பிறகும் 50 ஆண்டுகளுக்கு மேல் மேடை மேடையாகப் பேசினார். ஆனாலும் அவருக்கென்று ஒரு முழு வாழ்க்கை வரலாறு வர 1976 வரை, கரோலின் ஆஷ்பா எழுதும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. லூசி வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் என்பதை ஜாக்குலின் ஜோன்ஸ் தன் நூலில் விரிவாக நிறுவியது 2017இல்தான்.

கல்கத்தாவுக்கும் அப்படிப்பட்ட பெண்கள் உண்டு. அவர்கள் அராஜகவாதிகள் அல்லர். லூசியைப் போலக் கொள்கைப் பிரகடனம் எதுவும் எழுதவில்லை. பெரிய கட்சி எதையும் நம்பியிராமல், ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் தங்கள் பொறுப்பில் இறங்கி வேலை செய்தவர்கள் என்ற அளவில் அவருக்கு உறவுக்காரிகள். அவர்களைப் பற்றிய ஆய்வுகள் கடந்த 40, 45 ஆண்டுகளில் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்பதற்கு கார்டன் ரீச் நல்ல இடம்.

ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், நகரத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்டன் ரீச். வெள்ளைக்காரர்களின் தோட்ட பங்களாக்கள் நின்ற கரை. 1856இல் நாடிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா பக்கத்து மெட்டியாபுரூஜில் குடியேறி 1887இல் அங்கேயே இறந்தார். பிறகு வந்ததெல்லாம் உழைப்பின் வரலாறு: கிளைவ் சணல் ஆலை, கேசோராம் பஞ்சாலை, பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தலைமையகம், 1892இல் திறந்த கிதிர்பூர் துறை, பின்னர் ஜார்ஜ் மன்னர் பெயரில் இன்னொரு துறை, கப்பல் கட்டும் தளம். அதற்கும் முன்பு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றுவதற்கு முன் அடைத்துவைத்த டெப்போக்கள் இந்தக் கரையோரத்தில்தான் இருந்தன.

ஆகவே இங்கே பெண் தொழிலாளியின் கதையை ஆலையிலிருந்து தொடங்குவது தப்பு. கப்பலிலிருந்து தொடங்க வேண்டும். காய்யூத்ரா பகதூர் 2013இல் எழுதிய ‘கூலி உமன்’ அதைத்தான் செய்கிறது. அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவிலிருந்து ‘கிளைட்’ என்ற கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனவர். கர்ப்பிணி, உடன் ஆண் துணை இல்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதியை நிரப்ப ஆள்பிடித்தார்கள். அந்த நாற்பதில் பெரும்பாலோர் கைம்பெண்கள், கணவனை விட்டு வந்தவர்கள், தனித்துக் கிளம்பியவர்கள். 2015இல் இதே கரையில் சுரிநாம் படித்துறையில் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள்: மூட்டையோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும். பார்க்க அழகான சிலைதான். ஆனால் பகதூரைப் படித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தம்பதியில் சுஜாரியாவைக் காண முடியாது.

ஆலைக்குள் வந்த பெண்களைப் பற்றி இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல் சமிதா சென் 1999இல் வெளியிட்ட வங்கச் சணல் தொழிலில் பெண்கள் பற்றிய ஆய்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் சணல் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். 1970களுக்கு வரும்போது நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். இயந்திரம் வந்து விரட்டியது என்ற எளிய பதிலை சென் ஏற்பதில்லை. கிராமத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு ஒற்றை ஆளாக வரும் ஆணையே ஆலை விரும்பியது. பெண்ணின் கூலி ‘கைச்செலவுக்கு’ என்று கருதப்பட்டது. பிரசவ உதவி, இரவு வேலைத் தடை போன்ற சட்டங்கள் வந்தபோது முதலாளி அவற்றையே சாக்காக வைத்துப் பெண்ணை வெளியே தள்ளினான். தொழிற்சங்கமும் அதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. நமக்கு ஆர்வமூட்டும் ஒரு தகவலும் இதில் உண்டு. ஆலைக்காரர்கள் ‘மதராஸி’ என்று எழுதிய, பெரும்பாலும் கஞ்சம் பக்கத்துத் தெலுங்கர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்கள் இருந்த ஆலைகளில் பெண்களும் கூடுதலாக இருந்தார்கள்.

சென் பயன்படுத்தும் ஆவணங்களில் ஒன்று 1923இல் வெளியான டாக்டர் டாக்மர் கர்ஜெல்லின் அறிக்கை. ஆலை ஆலையாகப் போய்ப் பெண்களிடம் பேறுகாலத்தைப் பற்றிக் கேட்ட மருத்துவர் அவர். கைக்குழந்தையை ஆலைக்குள் கொண்டுவந்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கிடத்தி, அழாமலிருக்க ஒரு துளி அபின் கொடுத்துவிட்டு வேலைக்கு நிற்கும் தாய்மார்களை அந்தக் காலத்து விசாரணைகளில் காணலாம். தலைவிகளைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தக் காட்சிக்குக் கீழேதான் வரும்.

தலைவிகளில் முதலில் வந்தவர் சந்தோஷ் குமாரி தேவி. 1897இல் பிறந்து பர்மாவில் வளர்ந்தவர். சித்தரஞ்சன் தாஸின் செல்வாக்கில் அரசியலுக்கு வந்து, 1920களின் தொடக்கத்தில் நைஹாட்டி பக்கம் கௌரிபூரில் சணல் தொழிலாளரைத் திரட்டினார். 1924இல் ‘ஸ்ரமிக்’ என்ற இதழை நடத்தினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒதுங்கிவிட்டார். மஞ்சு சட்டோபாத்யாய் 1984இல் ‘சோசியல் சயன்டிஸ்ட்’ இதழில் எழுதிய கட்டுரை இல்லாவிட்டால் இவர் வெறும் அடிக்குறிப்புதான். அந்தக் கட்டுரையில் பக்தி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் தலைவி உயிரோடு இருக்கும்போதே எழுதத் தோன்றியதே, அதுவே பெரிது.

விவாதத்துக்கு உள்ளானவர் பிரபாவதி தாஸ்குப்தா. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். 1928இல் கல்கத்தா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவி. கம்யூனிஸ்ட் முசாபர் அகமது துணைத் தலைவர். மாநகராட்சி அப்போது தேசியவாதிகளின் கையில். மார்ச்சில் ஒரு வேலைநிறுத்தம், வாக்குறுதி காற்றில் போனதால் ஜூனில் மறுபடியும். கதர் உடுத்திய கவுன்சிலர்கள் மலம் அள்ளுகிறவர்களின் கூலிக் கோரிக்கைக்கு எதிரே நின்ற கதையை தனிகா சர்க்கார் எழுதியிருக்கிறார். சாதியை விட்டுவிட்டு வர்க்கத்தை மட்டும் பேசிய பழைய தொழிலாளர் வரலாறுகளுக்கு நடுவே அவருடைய கட்டுரை தனித்து நிற்கிறது. அந்த ஆண்டு ஹவுராவில் போலீஸ் வந்தபோது துப்புரவுப் பெண்கள் மலச்சட்டியைத் தூக்கி வீசினார்கள். ராதா குமாரின் ‘தி ஹிஸ்டரி ஆஃப் டூயிங்’கிலும் அந்தப் பெண்கள் வருகிறார்கள். எந்தத் தொழில் அவர்களைத் தீண்டத்தகாதவர் ஆக்கியதோ அந்தத் தொழிலின் பொருளே கையில் ஆயுதம். இதற்கு ஒரு தலைவி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு சணல். ஆலை முதலாளிகள் சங்கம் 1929 ஜூலை முதல் வார வேலை நேரத்தை 54இலிருந்து 60 மணியாக ஏற்றியது. ஆலைக்கு ஆலை பரவி அது வங்கச் சணல் தொழிலின் முதல் பொது வேலைநிறுத்தமானது. லட்சக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். முன்னணியில் பிரபாவதி. ஆகஸ்டில் முதலாளிகளோடு உடன்பாடு செய்துகொண்டவரும் அவரே. உடன்பாட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்ற சண்டையில் சங்கம் இரண்டுபட்டது. கம்யூனிஸ்ட் தரப்பில் அவர் சமரசக்காரி ஆனார். பிறகு அவர் பெயர் மெல்ல மறைந்தது.

தீபேஷ் சக்ரவர்த்தி 1989இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் இந்த வேலைநிறுத்தத்தை ஒரு பெரிய வாதத்துக்குச் சான்றாக்குகிறார். சணல் தொழிலாளரிடம் போர்க்குணம் இருந்தது, நிலையான அமைப்பு இருக்கவில்லை. காரணம், தலைவருக்கும் தொழிலாளிக்கும் இருந்த உறவு மேல்தட்டு பாபுவுக்கும் கூலிக்கும் இருந்த பழைய உறவே. சங்கம் தலைவரின் ஜமீன் போல இருந்தது என்கிறார். தொழிலாளர்கள் ‘மாதாஜி’ பிரபாவதி சொன்னால்தான் கேட்போம் என்று நின்றது அவருக்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரபாவதியே முதுமையில் கொடுத்த பேட்டியிலும் அந்தப் பெருமிதம் தெரிகிறது. 1968இல் பதிவான அந்தப் பேட்டி முன்பு நேரு நினைவு நூலகமாக இருந்த காப்பகத்தில் பிரபாவதி மிர்சா என்ற பெயரில் இருக்கிறது.

நூல் அருமையானது, இந்த இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1929 மார்ச் 20 அன்று, கம்யூனிஸ்டுகள் மீதான மீரட் சதி வழக்கில் வங்கத்தின் தொழிற்சங்க அமைப்பாளர்களை, முசாபர் அகமது, தரணி கோஸ்வாமி, கோபேன் சக்ரவர்த்தி, ராதாராமன் மித்ரா, துறைமுகப் பக்கம் வேலை செய்த ஷம்சுல் ஹூதா என வரிசையாக அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்துப் பொது வேலைநிறுத்தம். சங்கத்தில் ஆள் இல்லை. மிஞ்சியவர் தலையில் எல்லாம் விழுந்தது. அமைப்பின் பலவீனத்துக்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவதற்கு முன் சிறைக் கதவையும் பார்க்க வேண்டாமா? அதோடு, ஆண் பாபுக்களுக்கும் இதே அடிபணிதல் கிடைத்தது. அவர்களிடம் அது அரசியலாகிறது. ஒரு பெண்ணிடம் மட்டும் நிலப்பிரபுத்துவ எச்சமாகிறது. சென் இதைக் கூர்மையாகப் பார்க்கிறார். தாய் என்ற இடத்தில் வைத்தால்தான் ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரு மேல்தட்டுப் பெண் பேச முடிந்தது. அந்த மரியாதை ஆலைக்குள் சாக்கு தைத்த பெண்ணுக்கு நீளவில்லை. 1930களின் போராட்டங்களில் வரும் துக்மத் தீதி ஆலையிலேயே வேலை பார்த்தவர். ரேணு சக்ரவர்த்தி 1980இல் எழுதிய நூல் போன்ற தோழர்களின் நினைவுகளில்தான் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

கார்டன் ரீச்சுக்கு மிக நெருக்கமானவர் சுதா ராய். 1914இல் பிறந்தவர், கமலா பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கிதிர்பூர் துறைமுகத் தொழிலாளர், அவர்களில் பெரும்பகுதி இந்தி, உருது பேசும் முஸ்லிம்கள், குடியிருந்த பஸ்திகளில் அவர் ‘பஹின்ஜி’. அம்மா இல்லை, அக்கா. நீஹாரேந்து தத்த மஜும்தாரின் லேபர் கட்சியில் இருந்து, 1939இல் அது போல்ஷெவிக் கட்சியானபோது அதிலும் இருந்தார். சந்தோஷ் குமாரி, பிரபாவதி, சுதா ஆகிய மூவரில் நீண்ட நாள் களத்தில் நின்றவர் இவர்தான். எழுதப்பட்டதோ மிகக் குறைவு. சின்னக் கட்சி கரைந்துபோனால் அதன் நினைவு மலர்களும் கரைந்துபோகும். பெரிய கட்சி தன் பிள்ளைகளைத்தான் முதலில் எழுதும். 1940இன் துப்புரவு வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய மாநகராட்சி உறுப்பினர் சகினா பேகமும் பிற்பாடு ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த பிமல் பிரதிபா தேவியும் இதே வரிசைதான்; அவர்களைப் பற்றி வீர சாகசக் கதைகள் அதிகம், ஆய்வு குறைவு.

நம் பக்கத்தில் நிலைமை வேறு மாதிரி. கீழத் தஞ்சையில் வேட்டியும் அரைக்கைச் சட்டையும் கிராப்பு முடியுமாக விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மைக்கு 1953இல் ஒரு மானின் கொம்பால் சாவு வந்தது. அவரைத் தமிழ் வாசகர் அறிந்தது ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலால். இலங்கைத் தோட்டங்களில் பாட்டாகவே பிரசாரம் செய்த மீனாட்சியம்மாளைக் கணவர் கோ. நடேசய்யரின் நிழலிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு சாரல்நாடன் வேண்டியிருந்தது. பேராசிரியர்கள் செய்யாததை ஒரு நாவலாசிரியரும் ஒரு மலையக எழுத்தாளரும் செய்தார்கள். வங்கத்தில் பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது; ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தலைவியை ஒரு வாதத்துக்கு உதாரணமாக்கி.

இன்று மெட்டியாபுரூஜில் தையல்தான் பெருந்தொழில். ஓஸ்தாகர் எனப்படும் மேஸ்திரி துணியை வெட்டிக் கொடுப்பார். பொத்தான் கட்டுவதும் பிசிறு நூல் வெட்டுவதும் வீட்டுப் பெண்கள் வேலை, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஆலை வாசல் கிடையாது. ஆகவே வாசல் கூட்டமும் கிடையாது. பிரபாவதி பேச ஒரு வாசல் இருந்தது, போலீஸ்காரர் குறிப்பெடுக்க அங்கே நின்றார், அந்தக் குறிப்பு நமக்கு ஆவணமானது. ஒரே அறையில் பிள்ளைக்கும் சோற்றுக்கும் நடுவே நூல் வெட்டுகிற பெண் கூலி கூட்டிக் கேட்டால் அதைக் கேட்பவர் ஓஸ்தாகர் ஒருவர்தான். அவர் எழுதி வைப்பதில்லை. தொழிலாளர் வரலாறு பழகிய காப்பகங்கள் இங்கே உதவாது. சமிதா சென்னுக்குப் பிறகு வரும் ஆய்வாளர்கள் வங்காளமும் உருதுவும் தெரிந்தவர்களாய், வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்கக் கூடியவர்களாய் இருக்க வேண்டும். அந்த வேலை நடந்தால், பஹின்ஜியைப் பார்த்த கடைசித் தலைமுறை கிதிர்பூரில் மிச்சமிருக்கும்போதே அவரைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.