படத்தின் பின்புறம்

சித்திரங்களைக் காண வருவோர் யாவரும் அவற்றின் முகத்தையே நோக்கி நிற்க, கலைக் காட்சிசாலையில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வந்த முதுகலை மாணாக்கரோ முதலில் படத்தின் பின்புறத்தைப் படிக்கக் கற்கிறார். இக்கல்வியில் ஒரு தனி அழகு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மரச்சட்டத்தில் மங்கிக் கிடக்கும் வியாபாரியின் சரக்கு எண், ஏலக்காரர் சுண்ணக்கட்டியால் இட்ட குறி, பழைய கண்காட்சியொன்றின் சீட்டு, உடைந்த அரக்கு முத்திரை ஆகியவற்றைப் பொறுமையுடன் படியெடுத்து, ஏலப் பட்டியல்களோடும் கடிதக் கட்டுகளோடும் ஒப்பிட்டு, அப்படம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்னும் விருத்தாந்தத்தை அவர் சேர்த்தெடுக்கிறார். அதிலும் 1933 முதல் 1945 வரையில் ஓர் இடைவெளி தென்படுமாயின், நாஜிகள் சூறையாடிய ஒரு யூதக் குடும்பத்தின் உடைமையாக அது இருக்கக்கூடுமாதலால், சிரத்தை இரட்டிப்பாக வேண்டும். 1998இல் வாஷிங்டனில் பல தேசங்கள் கூடி ஏற்ற நெறிகளும் இத்தேடலையே வற்புறுத்துகின்றன. வெறும் ரசனை அங்கே நியாயத்தின் பணியாகிவிடுகிறது.

வங்கித் தொழிலைத் துறந்து வந்த பால் ஸாக்ஸ், 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் ஃபாக் காட்சிசாலையில் ஏற்படுத்திய வகுப்பு இத்தகைய பயிற்சிக்கெல்லாம் முன்னோடி எனலாம். அவரிடம் பயின்ற ஆல்ஃபிரட் பார், 1929இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையின் முதல் இயக்குநரானார்.

பயிற்சி மாணாக்கரின் பெயர் பெரும்பாலும் சுவர்ச்சீட்டில் இடம்பெறுவதில்லை. ஆகவே, காட்சிசாலையின் பட்டியலில் ஒரு படத்தின் உடைமை வரலாற்றைக் காண நேர்ந்தால், அன்பர்களே, அதைத் தாண்டிச் செல்லாமல் முழுவதும் படியுங்கள்.