காற்றுப் பெட்டியின் லட்சணம்

சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறக்கிற மேனாட்டு அன்பர்களின் கொட்டகைக்குள் நுழைகிறவர்கள், இறக்கையின் வளைவையும் வர்ணப் பூச்சின் மெருகையும் பாராட்டிவிட்டுத் திரும்புவது சகஜம். அவை பாராட்டத் தக்கவைதாம். என்றாலும், கட்டியவருடைய கைத்திறனையும் புத்தி நிதானத்தையும் ஒருசேர அளந்து பார்க்க விரும்புகிறவர், மூக்கின் மேல்மூடியைக் கழற்றச் சொல்லி, யந்திரத்தின் பின்புறத்தில், நெருப்புத் தடுப்புச் சுவருக்கு முன்னால், இரண்டு கார்புரேட்டர்களின் வாயையும் கவ்விக்கொண்டு குறுக்காக அமர்ந்திருக்கும் காற்றுப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இறக்கையின் வடிவத்தை நிர்ணயித்தவர் வேறொருவர். வெளிக்காற்றை அந்த நெருக்கமான இடத்துக்குள் வழிநடத்தி யந்திரத்துக்கு ஊட்டுவதிலோ, பெரும்பகுதி பொருத்துகிறவரின் சொந்த யோசனையைப் பொறுத்தே அமைகிறது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பிரதேசத்தில் ஐவன் ஷா வடிவமைத்து, 1992-இல் முதன்முதலாகப் பறந்த ‘யூரோப்பா’ என்னும் கிட் விமானத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இருவர் அமரக்கூடியது, இறக்கைகளைக் கழற்றி வண்டியிலேற்றி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். காற்றைக் கிழித்துச் செல்வதற்காக மூக்கைச் சிக்கனமாக வார்த்திருப்பதால், உள்ளே இருக்கும் ரோட்டாக்ஸ் 912 யந்திரத்தைச் சுற்றிக் கைவிட இடம் காண்பதே அரிது. ஆஸ்திரிய நாட்டில் குன்ஸ்கிர்கென் என்ற ஊரில் பிறக்கிற இந்த யந்திரத்தின் நூறு குதிரைசக்தி வகை, 1352 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நிமிஷத்துக்கு 5500 சுற்று சுற்றும்போது, ஏட்டுக் கணக்கின்படி, ஏறத்தாழ 3700 லிட்டர் காற்றை, அதாவது தரைமட்டத்தில் நாலரை கிலோ எடையுள்ள காற்றை, ஒரு நிமிஷத்தில் அது விழுங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத பொருளாயிற்றே என்று காற்றை அலட்சியம் செய்கிறவர்கள் இந்த எடையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெட்டியே இல்லாமலும் யந்திரம் ஓடும். கார்புரேட்டருக்கு ஒன்றாக இரண்டு கூம்பு ஃபில்டர்களை மாட்டிவிட்டால் செலவும் குறைவு, சிரமமும் குறைவு. அப்படிப் பறக்கிற விமானங்கள் அநேகம். ஆனால் அவை சுவாசிப்பது மூடிக்குள் சிலிண்டரின் உஷ்ணத்திலும் புகைக்குழாயின் உஷ்ணத்திலும் காய்ந்த காற்றை. வெளியே 15 டிகிரியாக இருக்கிற காற்று உள்ளே 45 டிகிரியாகச் சூடேறிவிட்டால், அதன் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. விமானத்தின் வேகத்தையே பயன்படுத்திக் காற்றைத் திணித்துவிடலாம் என்று பெரிய வாயாக முன்னோக்கி வைப்பவர்களும் உண்டு. ஆனால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிக் கிடைக்கிற அழுத்தம், வாயுமண்டலத்தின் அழுத்தத்தில் சுமார் ஒன்றரை சதவிகிதமே. ஆகையால் இந்த வகுப்பு விமானங்களில் திணிப்பைவிடக் குளிர்ச்சியே பெரிய லாபம். அந்தக் குளிர்ச்சியைவிடவும் அருமையானது ஒன்று உண்டு. பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அது அமைதி. ஆறு எவ்வளவு ஆரவாரமாக வந்து விழுந்தாலும், ஏரிக்குள் புகுந்து தன் வேகமெல்லாம் அடங்கிய பிறகு, இரண்டு மதகுகளிலும் ஒரே மட்டத்தில் நின்று பாய்வது போல, குழாய் வழியே சுழித்து வருகிற காற்று பெட்டிக்குள் ஆறி அடங்கி, இடப்பக்கத்துக் கார்புரேட்டருக்கும் வலப்பக்கத்துக் கார்புரேட்டருக்கும் பாரபட்சமின்றிக் கிடைக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து வினாடிக்கு நூற்றெண்பது தடவைக்கு மேல் இழுக்கின்றன. ஒவ்வோர் இழுப்பும் 338 கன சென்டிமீட்டர். இந்த இழுப்புகள் ஒன்றை ஒன்று குலைக்காத அளவுக்குப் பெட்டிக்கு வயிறு வேண்டும். இடம் போதவில்லை என்று வயிற்றைச் சுருக்கி, காற்று வரும் குழாயை ஒரு கார்புரேட்டரின் வாய்க்கு நேர் எதிரே கொண்டுவந்து முடித்துவிடுகிறவர், பெட்டி என்ற பெயரில் வெறும் குழாயைத்தான் செய்திருக்கிறார்.

இதைக் காட்டிலும் சூட்சுமமான விஷயம் ஒன்று. நியூரம்பர்க் நகரத்துப் பிங் கார்புரேட்டரில், மிதவை அறையிலுள்ள பெட்ரோலின் மேல் காற்று அழுத்த, அந்த அழுத்தத்துக்கும் தொண்டையிலுள்ள அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால்தான் பெட்ரோல் மேலேறுகிறது. வாயில் பெட்டியின் காற்றும், மிதவை அறையில் மூடிக்குள் அலைகிற காற்றுமாக இருந்தால் இந்தக் கணக்கு பிசகிப்போகும்: பெட்டியின் அழுத்தம் மிஞ்சினால் கலவை மெலிந்து யந்திரம் காயும், அறையின் அழுத்தம் மிஞ்சினால் கலவை கனத்துக் கரி படியும். தரையில் சோதிக்கும்போது ஒரு குறையும் தெரியாமல், வேகம் கூடக் கூட ஆகாயத்தில் மட்டுமே தோன்றுகிற நோய் இது. மருந்து மிக எளியது. மிதவை அறைகளின் மெல்லிய சுவாசக் குழாய்களைப் பெட்டியோடு சேர்த்துவிட்டால், இரண்டும் ஒரே காற்றை உணர்கின்றன. விரல் பருமன்கூட இல்லாத இந்தக் குழாய்கள் எங்கும் மடங்காமல், கசங்காமல், இருபுறமும் ஒரே நீளத்தில் நிதானமாக வளைந்து செல்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகிற திருப்தி, வர்ணப் பூச்சைப் பார்த்து ஒருநாளும் உண்டானதில்லை.

வேலையின் நயம் கைக்கு அகப்படுகிற இடங்களும் உண்டு. கெட்டி அட்டையை வெட்டி ஒட்டி மாதிரி செய்து, மூடியைப் போட்டுப் பார்த்து, மறுபடியும் வெட்டி, அதற்குப் பிறகே அலுமினியத் தகட்டையோ ஃபைபர்கிளாஸையோ தொடுபவர் நல்ல வேலைக்காரர். பெட்டியின் பாரம் கார்புரேட்டர்களின் மேல் தொங்கக் கூடாது. கார்புரேட்டர்களே ரப்பர் இணைப்புகளில் நிற்பவையாதலால், கூடுதல் பாரம் ஏறினால் அதிர்விலே ரப்பர் வெடித்துவிடும். பெட்டிக்குத் தனியாகத் தாங்கு பட்டை வேண்டும். கார்புரேட்டருக்குக் காற்று இறங்குகிற வாயின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள்: கூர்மையாக இருந்தால் காற்று அங்கே சுவரை விட்டுப் பிரிந்து பாதையைக் குறுக்கும், எக்காளத்தின் வாய்போல் உருட்டி மழுக்கியிருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். உள்ளே எட்டிப் பார்த்து ரிவெட்டுகளையும் கவனிக்க வேண்டும். ஃபில்டரைக் கடந்த பிறகு தளர்ந்து விழுகிற எதுவும், ஒரு பாப் ரிவெட்டின் உடைந்த தண்டேயானாலும், நேரே யந்திரத்துக்குள்தான் போகும். ஆகவே கெட்டி ரிவெட் அடித்தவரையும், நட்டுகளைக் கம்பியால் பூட்டியவரையும் நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

சூட்டுக் கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரக் காற்று கார்புரேட்டரின் தொண்டையில் விரிந்து, பெட்ரோலும் ஆவியாகும்போது, உஷ்ணம் இருபது டிகிரிக்கு மேலும் இறங்கிவிடக்கூடும். அதனால் வெளியே உறைபனி இல்லாத இதமான நாளிலேயே உள்ளே பனிக்கட்டி படிந்து யந்திரம் மூச்சுத் திணறும். இங்கிலாந்தின் ஈரமான இலையுதிர் காலத்தில் இந்த அபாயம் விமானிகளுக்குப் பழக்கமானது. புகைக்குழாயைச் சுற்றிய உறையிலிருந்து வெந்த காற்றைப் பெட்டிக்குள் திருப்பிவிடும் கதவு இதற்காகவே. திறந்தால் முழுக்கத் திறக்க வேண்டும். மூடினால் தலைமயிர் நுழையாமல் மூட வேண்டும். அரைகுறையாக மூடுகிற கதவு, வெளியிலிருந்து கொண்டுவந்த குளிர்ச்சியையெல்லாம் ஒவ்வொரு நிமிஷமும் திருடிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் ஒரு உஷ்ணமானியை வைத்துப் பறந்து, அது காட்டும் அளவை வெளிக்காற்றின் அளவோடு ஒப்பிட்டால் திருட்டு பிரத்தியட்சமாகிவிடும்.

யந்திரம் ரப்பர் தாங்கிகளில் குலுங்குவது. மூடியோ உடலோடு அசையாமல் நிற்பது. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் யந்திரம் உதறுகிற உதறலில் பெட்டி மூடியை முட்டாதபடி, சுற்றிலும் ஒரு விரல் தாராளமாக நுழைகிற இடைவெளியும், மூடியிலிருந்து வரும் குழாயில் சற்றுத் தொய்வும் இருக்க வேண்டும். ரப்பர் பாகங்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ரோட்டாக்ஸ் கம்பெனி. அந்த வேலை வரும் நாளை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, கிளாம்ப்களின் திருகுத் தலைகளெல்லாம் ஸ்க்ரூடிரைவர் எட்டுகிற பக்கமாகவே திரும்பியிருக்கும்படி பெட்டியைப் பொருத்தியிருக்கிறவரின் விமானத்தில் நான் யோசனையின்றி ஏறி உட்காருவேன்.