சீட்டு வாங்கினால் திறக்கும் காடு

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர். 2007-இல் அதை அறிவித்தபோது சொன்ன காரணம் நியாயமானதுதான்: புலி பெருக ஆள் நடமாட்டமில்லாத காடு வேண்டும். பக்கத்துப் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை சாலையை மூடியது விலங்குகளுக்கு எவ்வளவு நல்லது என்பதை அந்தச் சாலையை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். கட்டுப்பாடே தவறு என்று பேசுவது வீண்.

அது யார்மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கேள்வி. 2012 ஜூலையில் நாட்டின் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்தியது. அக்டோபரிலேயே தடை நீங்கியது. மையப் பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்று விதி வந்தது. மூன்றே மாதம்! உள்ளே குடியிருந்தவர்களுக்கு இப்படி எந்தச் சதவீதமும் ஒதுக்கப்படவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது, 2008-இல் குடும்பத்துக்கு 10 லட்சம், 2021-இல் 15 லட்சம் என்று வளர்ந்த இடப்பெயர்வுத் தொகை.

சட்டப்படி இந்த இடப்பெயர்வு அவரவர் விருப்பம். கிராம சபையின் சம்மதமும் வேண்டும். காகிதத்தில் இது வலுவான பாதுகாப்பு. ஆனால் சாலை, மின்சாரம், பள்ளி எதுவும் வராது என்று தெரிந்த ஊரில் கேட்டு வாங்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? ஊருக்குள்ளும் எல்லோரும் ஒன்றல்ல. வயல் வைத்திருந்த மவுண்டாடன் செட்டிகளுக்கும் அந்த வயலில் கூலிக்கு நின்ற பணியர்களுக்கும் ஒரே தொகை ஒரே பொருள் தராது. தேனும் கல்பாசியும் எடுத்துப் பிழைக்கிறவருக்குக் காடுதான் சொத்து. அதற்கு விலை போட்டவர் யார்?

பணக்காரர்களைச் சட்டம் தொடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்திலிருந்த ரிசார்ட்டுகளை அகற்றச் சொன்ன உத்தரவை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. யானைக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் வழித்தட அறிவிப்பு வந்தது 2010-இல். வழக்கறிஞர் வைக்க வசதியிருந்தால் பத்து வருடம் நிற்கலாம் என்பதும் இதில் தெரிகிறது.

தெப்பக்காடு முகாமில் யானைகளைப் பார்த்துக்கொள்ளும் பாகன்கள், அவர்களின் உதவியாளர்களான காவடிகள் பலர் பழங்குடியினர். காட்டைப் பற்றிய அவர்கள் அறிவை வனத்துறை தினமும் பயன்படுத்துகிறது. அந்த அறிவு முடிவெடுக்கும் இடத்துக்கும் வரவேண்டும். சஃபாரி வண்டி எத்தனை, எந்தத் தடம், எந்த மாதம் ஓய்வு என்பதைக் கிராம சபையையும் உட்காரவைத்துத் தீர்மானிக்கலாம். புதுச் சட்டம்கூட வேண்டாம். காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தை 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கிராம சபைக்கு ஏற்கனவே கொடுத்திருக்கிறது.