சிறிய அறையும் பெரிய வானமும்

வெற்றிபெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்று நாவலாக வெளிவருமாயின், திரையிற் கேட்ட வசனங்களை அச்சிற் கோத்து விற்கும் வாணிபமென விமர்சகர் ஒதுக்கிவிடுவர். பெரும்பாலும் அது நேர்மையான தீர்ப்பே. ஆயின், றொப் கிறான்ற், டக் நெய்லர் ஆகிய இருவரும் ‘கிறான்ற் நெய்லர்’ என்ற கூட்டுப் பெயரில் 1989இல் வெளியிட்ட ‘றெட் டுவார்ஃப்’ நாவல் அத்தீர்ப்புக்கு அடங்குவதன்று. பி.பி.சி. 1988இல் ஒளிபரப்பத் தொடங்கிய தொடரைப் படைத்தவர்களும் இவர்களே.

இரண்டிற்கும் கரு ஒன்றுதான். சுரங்க விண்கலமொன்றின் கடைநிலை ஊழியன் லிஸ்ரர், காலம் உறைந்த அறையில் அடைக்கப்பட்டிருக்கையில், கதிர்வீச்சினால் ஏனையோர் மாண்டுபோகின்றனர். முப்பது இலட்சம் ஆண்டுகளின் பின் அவன் விழிக்கும்போது, மனித குலத்தில் அவன் ஒருவனே எஞ்சியுள்ளான். இறந்துபோன மேலாளன் றிம்மர் ஒளியுருவாக வந்து அவனை அதிகாரஞ் செய்கிறான்.

அவன் அவ்வறைக்குள் ஏன் சென்றான் என்ற வினாவிலேயே இரு வடிவங்களும் பிரிகின்றன. தொடரில், கள்ளமாய்க் கொணர்ந்த பூனையைக் காட்டிக்கொடுக்க மறுத்துத் தண்டனை பெறுகிறான். அது ஒரு தனிமனிதனின் பிடிவாதம். நாவலோ அதற்கு முன்பே தொடங்குகிறது. குடிபோதையிற் சனிக்கோளின் துணைக்கோளான மைமாசில் வந்து சிக்கியவன், பூமிக்குத் திரும்பப் பயணக் கட்டணமின்றித் திருடிய வாடகை வண்டியை ஓட்டுகிறான். பயணப்பொதிப் பெட்டகத்துள் உறங்குகிறான். கலத்தில் வேலைக்குச் சேர்வதும் ஊர் திரும்பும் ஆசையினாலேயே. பூமியை அடைய ஆண்டுகள் பல செல்லுமென அறிந்ததும், வேண்டுமென்றே பூனையைக் கொணர்ந்து தண்டனையைத் தேடிக்கொள்கிறான். கூலி உழைப்பிலிருந்து தப்ப அவனுக்குக் கிடைத்த ஒரே வழி சிறைதான்! சிரிப்புக்கு இங்கே சமூகக் காரணம் பிறக்கிறது.

‘நோவா 5’ என்ற கலத்தையும் நோக்குக. தொடரில் அது விபத்துக்குள்ளான கலம் மட்டுமே. நாவலில் அதன் பணி, விண்மீன்களை வெடிக்கச் செய்து கொக்கா கோலா விளம்பரத்தை வானில் எழுதுவதாகும். விண்மீனையும் விளம்பரப் பலகையாக்கும் மூலதனத்தின் பேராசையை இதைவிடக் கூர்மையாக நகையாடல் அரிது. அவ்வாறே, ‘வாழ்வினும் மேலானது’ என்னும் கனவு விளையாட்டு, 1988இல் ஒளிபரப்பான தொடரில் அரைமணி நேர வேடிக்கையாகிறது. நாவலில் அது உயிர்கொல்லும் போதை. ஆடுவோர் இன்பக் கனவில் ஆழ்ந்திருக்க, அவர்தம் உடல் நலிந்து அழிகிறது.

ஆயினும் நாவல் இழந்ததும் உண்டு. பொருள்வசதி குறைந்த தொடக்ககால அரங்கில், சாம்பல் நிற அறையொன்றில், மேலும் கீழுமாக இரு படுக்கைகள். அவ்வளவே காட்சி. பரீட்சையிற் சித்தியெய்தி மேலேற ஏங்கும் றிம்மரும், ஏற விரும்பாத லிஸ்ரரும் அங்கே நேருக்கு நேர் மோதுகின்றனர். சூப் வழங்கும் இயந்திரத்தின் அடைப்பை நீக்குவதே அவ்விருவரதும் வேலை. எனினும் ஒருவன் மற்றவனை இகழ்கிறான். கிறெய்க் சாள்சின் லிவர்ப்பூல் பேச்சு அக்காட்சிக்கு அளித்த உயிரை அச்செழுத்தினால் அளிக்க இயலவில்லை.

எனவே, நாவல் தொடருக்கு உண்மையாயிருந்ததா என்று வினவுதல் பயனற்றது. வர்க்க உறவின் நாளாந்த உரசலைத் தொடர் காட்டியது. அவ்வுறவைப் பிறப்பித்த உலகை நாவல் காட்டியது. சிரித்தபின் ஏன் சிரித்தோமெனச் சிந்திக்கவைக்கும் வடிவத்தையே நாம் வரவேற்க வேண்டும்.